பரணில் இருக்கும் ஜாடியின் மதிப்பு தெரியுமா?

"பழைய பீங்கான் ஜாடி இருந்தா குடுங்கம்மா, பிளாஸ்டிக் குடம் தர்றேன்!" எங்கள் கல்லங்குறிச்சித் தெருவில் அடிக்கடி கேட்கும் குரல் இது. பாட்டி காலத்து ஜாடியைக் கொடுத்துக் குடம் வாங்கிய சகோதரிகள் எத்தனையோ பேர். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் அதே மாதிரி ஜாடிகளைத் தேடி வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். கொடுக்குமுன் கொஞ்சம் சோதித்துப் பாருங்களேன்.

மேலே பழுப்பு, கீழே வெளிர் நிறமாக இருக்கும் கனத்த ஊறுகாய் ஜாடி 'ஸ்டோன்வேர்' வகை. சுமார் 1200 டிகிரிச் சூட்டில் களிமண் கல்லாய் இறுகிவிடும். அதனால்தான் உப்பும் புளிப்பும் அதை அரிப்பதில்லை.

எப்படிக் கண்டுபிடிப்பது? பூச்சு இல்லாத அடிவிளிம்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சட்டென்று உறிஞ்சினால் அது சாதாரண மண்பாண்டம். அப்படியே நின்றால் ஸ்டோன்வேர். மெல்லிய பீங்கான் தட்டில் வெளிச்சம் ஊடுருவும், இதில் ஊடுருவாது. விரலால் சுண்டினால் 'கணீர்' என்று கேட்க வேண்டும். 'டப்' என்றால் எங்கோ விரிசல் இருக்கிறது.

அடியில் முத்திரை உண்டா என்றும் பாருங்கள். நம் பக்கத்தில் விருத்தாசலம், வடக்கே ராணிப்பேட்டை இரண்டுமே பீங்கான் தொழிலுக்குப் பேர்போன ஊர்கள். சீமைத் தட்டு, கிண்ணங்களில் 'இங்கிலாந்து' என்று நாட்டின் பெயர் இருந்தால், பெரும்பாலும் 1891-க்குப் பிந்தியவை. அமெரிக்கச் சுங்கச் சட்டத்தால் அந்த ஆண்டு முதல் நாட்டின் பெயர் போடும் வழக்கம் பரவியது. 'ஆக்குபைட் ஜப்பான்' என்றிருந்தால், போருக்குப் பின் 1952 வரை அந்நியர் பிடியில் ஜப்பான் இருந்த காலத்துச் சரக்கு.

மூடி ஜோடியாக இருந்து, விளிம்பு உடையாமல், முத்திரையும் தெளிவாக இருந்தால் நல்ல விலை பெறும். சிமெண்ட் வைத்து ஒட்டியதற்கு மதிப்புக் குறைவு.

விலையைவிட உடம்பு முக்கியம் அல்லவா? உட்புறப் பூச்சில் மயிரிழை வெடிப்பு இருந்தால் எண்ணெயும் அழுக்கும் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். உள்ளே பளிச்சென்று வர்ணம் பூசிய பழைய பாத்திரங்களில் ஈயம் கலந்திருக்கலாம். புளிப்புப் பட்டால் அது உணவில் இறங்கும். இவற்றை அலமாரியில் அழகுக்கு வையுங்கள்.

நல்ல ஜாடியைச் சீயக்காய்த்தூள் போட்டுத் தேய்த்து, வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். குளிர்ந்த ஜாடியில் கொதிநீர் ஊற்றினால் வெடித்துவிடும், ஜாக்கிரதை! அப்புறம் மாவடு, நார்த்தங்காய், எலுமிச்சை எது போட்டாலும் வருஷம் முழுக்கக் கெடாது. வீட்டில் ஊறுகாய் போடுகிறவர்களுக்கு அதைவிட வேறென்ன விலை வேண்டும்?