பாதி குறைந்தது என்று ஏன் சொல்வதில்லை?

மனநலப் பிரிவைத் தாங்கும் உங்களில் சிலர், “நோயாளிகளின் மனச்சோர்வு எத்தனை சதவீதம் குறைந்தது?” என்று கேட்டு எழுதுகிறீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தச் சதவீதத்தை நாங்கள் தருவதில்லை.

பி.எச்.க்யூ-9 வினாத்தாளில் 9 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. ஒருவர் 20-லிருந்து 10-க்கு இறங்கினால், தேறிவருகிறார் எனலாம். துயரம் பாதியாயிற்று எனலாகாது. 40 கிலோ அரிசியில் பாதி 20 கிலோ. துயரத்துக்கு அப்படி எடைக்கல் இல்லை. தூக்கத்தைப் பற்றிய கேள்வியில் ஒரு மதிப்பெண் குறைவதும், சாவை நினைப்பதைப் பற்றிய கேள்வியில் ஒன்று குறைவதும் சமமாகுமா?

1946-இல் ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் அளவைகளை நான்காகப் பிரித்தார்: பெயர் (ஆண், பெண்), வரிசை (லேசு, நடுத்தரம், கடுமை), சம இடைவெளி (காய்ச்சல் டிகிரி), மெய்யான பூஜ்யம் உடையது (எடை). சோதனையும் இதற்கேற்பவே. தேறியோர், தேறாதோர் என்று தலைகளை எண்ணினால் கை-வர்க்கச் சோதனை. இரு குழுக்களை வரிசைப்படி ஒப்பிட மான்-விட்னி சோதனை. சராசரிகளை ஒப்பிடும் டி-சோதனை எடை போன்றவற்றுக்கு உரியது. அதை வினாத்தாளுக்கும் போடுகிறவர்கள் உண்டு. அறிஞர்களுக்குள் அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. நாங்கள் வரிசையோடு நின்றுகொள்கிறோம். ஆகவே எங்கள் அறிக்கையில், 10-க்குக் கீழே வந்தவர்கள் எத்தனை பேர் என்பதையே காண்பீர்கள்.