பழைய ஆட்டோமேட்டிக் காரின் கியர்பாக்ஸ் ஆயில்: மாற்றும் முன் கேளுங்கள், எழுதி வாங்குங்கள்

"நல்லா ஓடுற கியர்பாக்ஸ்ல கை வைக்காதீங்க சார். புது ஆயில் ஊத்தினா வண்டி நின்னுடும்." பழைய ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்கள் பலரும் ஒர்க்‌ஷாப் வாசலில் கேட்டிருக்கும் அறிவுரை இது. அடுத்த தெருவில் இருப்பவரோ, "மெஷின் போட்டு ஃபுல்லா ஃப்ளஷ் பண்ணிடலாம், கொஞ்ச நேர வேலைதான்" என்பார். இரண்டு பேச்சையும் அப்படியே நம்புவது ஆபத்து. பத்துப் பன்னிரண்டு வயதான காரில் கியர்பாக்ஸ் போய்விட்டால், அதைச் சரிசெய்யும் செலவு பல நேரங்களில் காரின் விற்பனை விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். கடன் வாங்கி, பழைய கார் வாங்கிய குடும்பத்துக்கு அது தாங்க முடியாத அடி.

இந்த ஆயில் எஞ்சின் ஆயிலைப் போன்றதல்ல. டார்க் கன்வெர்ட்டர் உள்ள கியர்பாக்ஸில், எஞ்சினின் சுழற்சியைச் சக்கரங்களின் பக்கம் கடத்தும் பொருளே இந்தத் திரவம்தான். வால்வு பாடிக்குள் அழுத்தத்தோடு ஓடி கியரை மாற்றுவதும், உள்ளே பிறக்கும் சூட்டைச் சுமந்து கூலருக்குக் கொண்டுபோவதும், பல்சக்கரங்கள் தேயாமல் காப்பதும் இதன் வேலை. எல்லாவற்றையும் விட நுட்பமானது ஒன்று உண்டு. உள்ளே இருக்கும் கிளட்ச் தட்டுகள் எவ்வளவு வழுக்கிப் பிறகு எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்க வேண்டும் என்பதை இதில் கலந்திருக்கும் ரசாயனங்கள் தீர்மானிக்கின்றன. அவை தீர்ந்துபோனால் கியர் மாறும்போது வண்டி குலுங்கும், உதறும், சில நேரம் எஞ்சின் மட்டும் இரைந்து வண்டி நகராது.

ரசாயனங்களைத் தின்பது சூடு. சாதாரண ஓட்டத்தில் 80 முதல் 95 டிகிரி வரை இருக்கும் ஆயில், சென்னை, மதுரை வெயிலில் நெரிசலுக்குள் நின்று நின்று நகரும்போதும், ஊட்டி, கொடைக்கானல் மலைப்பாதையில் ஆள் நிறைய ஏறும்போதும் அதைத் தாண்டிவிடும். கார் கையேட்டில் பராமரிப்பு அட்டவணை பெரும்பாலும் இரண்டு வகையாக இருக்கும்: சாதாரண ஓட்டம், கடின ஓட்டம். நம்முடைய நகர ஓட்டத்துக்குப் பொருந்துவது இரண்டாவது. அதைப் பலர் புரட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

"ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம்" என்று சில கார் கம்பெனிகள் சொல்வதைப் பற்றியும் பேச வேண்டும். பி.எம்.டபிள்யூ., ஜாகுவார் போன்ற கார்களுக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் செய்து தரும் ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனம், தன் கியர்பாக்ஸுகளில் 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது அதிகம் போனால் 8 ஆண்டுகளில், ஆயிலை மாற்றச் சொல்கிறது. பெட்டியைச் செய்தவரே மாற்றச் சொல்லும்போது, காரை விற்றவர் சொல்லும் 'ஆயுள்' யாருடைய கணக்கு என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. வாரண்டி முடிந்த பிறகும் பல ஆண்டு ஓட்டப் போகிறவர் அந்தச் சொல்லை நம்பி இருக்கக் கூடாது.

அப்படியானால், புது ஆயில் ஊற்றினால் நின்றுவிடும் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? அது முழுப் பொய் இல்லை. பலர் கியர் வழுக்கத் தொடங்கிய பிறகுதான் ஆயில் மாற்ற வருகிறார்கள். அதற்குள் கிளட்ச் தட்டுகள் தேய்ந்து, அந்தத் துகள்கள் பழைய ஆயிலில் மிதந்துகொண்டிருக்கும். புது ஆயிலின் கழுவும் தன்மை உள்ளே படிந்த கசடைக் கிளப்பி வால்வு பாடியின் மெல்லிய துளைகளை அடைப்பதும் நடக்கக்கூடியதே. ஆனால் பெரும்பாலும் அந்தக் கியர்பாக்ஸ் சாகும் நிலையில்தான் ஒர்க்‌ஷாப்புக்குள் வந்திருக்கும். பழி மட்டும் புது ஆயில் மேல் விழும்.

ஆகவே முதல் கேள்வி, வண்டி இப்போது எப்படி ஓடுகிறது என்பது. கியர் ஒழுங்காக மாறுகிறது, எப்போது ஆயில் மாற்றினார்கள் என்பது மட்டும் தெரியவில்லை என்றால், படிப்படியாக மாற்றுவது நல்லது. வழுக்கலோ, டி-யில் போட்டு நெடுநேரம் கழித்து வண்டி நகர்வதோ, கருகிய வாடையோ இருந்தால், முதலில் ஸ்கேனர் போட்டுப் பார்த்து, ஆயில் அழுத்தத்தைச் சோதித்து, நோயைக் கண்டறிய வேண்டும். அந்த நிலையில் ஆயில் மாற்றத்தை மருந்தாக விற்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

அடுத்தது, உங்கள் காரில் இருப்பது எந்த வகை கியர்பாக்ஸ்? ஆட்டோமேட்டிக் என்ற ஒரே பெயரில் நம் சாலைகளில் நான்கு வேறுபட்ட இயந்திரங்கள் ஓடுகின்றன: டார்க் கன்வெர்ட்டர், சி.வி.டி., இரட்டை கிளட்ச், ஏ.எம்.டி. இந்தியாவில் 2014-ல் மாருதி செலேரியோவுடன் வந்த ஏ.எம்.டி., அடிப்படையில் மேனுவல் கியர்பாக்ஸ்தான். அதில் ஊற்றுவது மேனுவல் கியர் ஆயில், கிளட்சை இயக்கும் ஹைட்ராலிக் திரவம் தனி. ஃபோக்ஸ்வாகன் போலோ, வென்டோவில் வந்த ஏழு கியர் டி.எஸ்.ஜி. இரட்டை கிளட்ச் வகை, அதில் கிளட்ச் உலர்ந்தது. அதே குழுமத்தின் ஆறு கியர் டி.எஸ்.ஜி.யில் கிளட்ச் ஆயிலில் நனைந்தே இருக்கும், அதற்கு 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்ற வேண்டும்.

ஹோண்டா சிட்டியைப் பாருங்கள். 2003-ல் வந்த தலைமுறையில் சி.வி.டி., 2008-ல் வந்ததில் ஐந்து கியர் டார்க் கன்வெர்ட்டர், 2014-ல் வந்ததில் மறுபடி சி.வி.டி. கார் பெயர் ஒன்று, தேவைப்படும் திரவங்கள் மூன்று: எச்.எம்.எம்.எஃப்., டி.டபிள்யூ.-1, எச்.சி.எஃப்.-2. "சிட்டி ஆட்டோமேட்டிக்குக்கு ஆயில் கொடுங்க" என்று கடையில் கேட்பது போதாது. சி.வி.டி.யில் உலோக பெல்ட், கூம்பு வடிவச் சக்கரங்களுக்கிடையே அழுத்தத்தில் பிடித்து ஓடுகிறது. அதில் சாதாரண ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலை (ஏ.டி.எஃப்.) ஊற்றினால் பெல்ட் வழுக்கி உலோகத்தையே அரித்துவிடும்.

ஒரே கம்பெனிக்குள்ளும் பழையதும் புதியதும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. ஹோண்டாவின் பழைய இசட்-1 ஊற்றிய இடத்தில் டி.டபிள்யூ.-1 ஊற்றலாம். ஆனால் டொயோட்டாவின் டி-4 கேட்கும் கியர்பாக்ஸில் டபிள்யூ.எஸ். ஊற்றக் கூடாது. ஹூண்டாயில் எஸ்.பி.-3 வேறு, எஸ்.பி.-4 வேறு. டெக்ஸ்ரான்-3 என்ற தரத்துக்கு ஜெனரல் மோட்டார்ஸ் 2006-க்குப் பிறகு உரிமம் தருவதில்லை; இன்றைக்கு அந்தப் பெயரோடு விற்கும் டின்களின் தரத்துக்கு அவற்றைத் தயாரித்தவர் மட்டுமே பொறுப்பு. "எல்லா வண்டிக்கும் போடலாம்" என்று அச்சிட்ட கேனை வாங்கும்போது, உங்கள் கியர்பாக்ஸின் தரக் குறியீடு அதன் பின்பக்கம் எழுதியிருக்கிறதா என்றாவது பாருங்கள். போலி ஆயிலும் சந்தையில் உண்டு. சீலை உங்கள் கண் முன்னால் உடைக்கச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் காலி கேனில் ஓட்டை போட்டுவிடுங்கள். அது மறுபடி நிரப்பப்பட்டு வேறொருவர் வண்டிக்குப் போகாது.

வேலை எப்படி நடக்கிறது என்பதையும் தெரிந்து வைத்துக்கொண்டால் யாரும் ஏமாற்ற முடியாது. கீழே உள்ள டிரெயின் போல்ட்டைக் கழற்றினால் மொத்த ஆயிலும் வராது. பெரும் பகுதி டார்க் கன்வெர்ட்டருக்குள் தங்கிவிடும். உதாரணத்துக்கு, மொத்தம் 7 லிட்டர், வெளியே வருவது 3 லிட்டர் என்று வையுங்கள். ஒருமுறை மாற்றினால் உள்ளே இன்னும் பாதிக்கு மேல் பழைய ஆயில். சில நூறு கிலோமீட்டர் ஓட்டி இரண்டாம் முறை மாற்றினால் மூன்றில் ஒரு பங்கு, மூன்றாம் முறை மாற்றினால் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. பழைய காருக்கு நான் நம்பிச் சொல்வது இந்த வழியைத்தான்: கசடு ஒரேயடியாகக் கிளம்பாது, ஒவ்வொரு முறையும் வரும் ஆயிலைப் பார்த்து நிலைமையைக் கணிக்கலாம். மெஷின் வைத்து மாற்றுவது எல்லா இடத்திலும் தவறில்லை. வண்டியின் சொந்தப் பம்பே பழையதை வெளியே தள்ள, அதே அளவு புதியது உள்ளே போகும் முறை ஏற்கத்தக்கது. கையேடு அனுமதிக்காத இடத்தில், வெளியிலிருந்து அழுத்தம் கொடுத்துக் கரைசல் ஊற்றிக் கழுவுவதையும், மண்ணெண்ணெயோ டீசலோ விட்டுக் கழுவுவதையும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

வெளியே வந்த ஆயிலை அளக்கச் சொல்லுங்கள். வந்த அளவு தெரிந்தால்தான் எவ்வளவு ஊற்றுவது என்று தெரியும். ஏற்கெனவே குறைவாக ஓடியதா என்பதும் புலப்படும். கியர்பாக்ஸின் அடியிலுள்ள ஆயில் பேனைக் கழற்றினால் அதிலுள்ள காந்தத்தைப் பாருங்கள். மைபோல மெல்லிய சாம்பல் படிவு வயதான கியர்பாக்ஸில் இயல்பு. கையில் நெருடும் உலோகச் சில்லுகள் இருந்தால் கதை வேறு. ஃபில்டரும் கேஸ்கெட்டும் மாற்றப்பட்டால் பழையவற்றைக் காட்டச் சொல்லுங்கள்.

கடைசியில் அளவு பார்ப்பதில்தான் நிறைய தவறு நடக்கிறது. இந்தத் திரவம் சூட்டில் விரியும். டிப்ஸ்டிக் இல்லாத பல டொயோட்டா கியர்பாக்ஸுகளில் ஆயில் ஏறக்குறைய 40 டிகிரியில் இருக்கும்போது, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, வழிந்தோடும் துளை வழியாக அளவு பார்க்க வேண்டும். அதற்கு ஸ்கேனர் வேண்டும், வண்டி சமமாக உயர்ந்து நிற்க வேண்டும். குறைந்தால் வழுக்கும், கூடினால் நுரைத்து அதுவும் வழுக்கும். வீட்டு வாசலில் ஜாக்கி மட்டும் போட்டு யாரையும் வண்டிக்குக் கீழே படுக்க விடாதீர்கள். ஜாக்கி நழுவினால் உயிர் போகும். பழைய ஆயில் 2016-ம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளுக்குள் வருவது. அதைச் சாக்கடையில் ஊற்றாமல், பழைய ஆயில் சேகரிக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுக்க வேண்டும்.

இனி காகிதம். வண்டியை விடும்போதே ஜாப் கார்டில் கிலோமீட்டர், இப்போதுள்ள குறைகள், போடப்போகும் திரவத்தின் தரக் குறியீடு, அளவு, முறை ஆகியவற்றை எழுதச் சொல்லுங்கள். இது மெக்கானிக்குக்கும் பாதுகாப்பு. ஏற்கெனவே வழுக்கிய கியர்பாக்ஸுக்காகப் பழி சுமக்கும் நல்ல மெக்கானிக்குகள் நிறைய இருக்கிறார்கள். முன்பே எழுதிவைத்த ஒரு வரி அவர்களைக் காக்கும். வேலை முடிந்ததும் பில் கேளுங்கள். பில் தர மறுப்பதை 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. தெரிந்தே தகவலை மறைப்பது சேவைக் குறைபாடு. இலவசமாகச் செய்த வேலை இந்தச் சட்டத்துக்குள் வராது, ஆகவே தெரிந்தவர் என்றாலும் பணம் கொடுத்து ரசீது வாங்குங்கள். யு.பி.ஐ.யில் கொடுத்தால் அதுவும் சாட்சி.

"வெளியில் மாற்றினால் வாரண்டி போய்விடும்" என்ற மிரட்டலுக்கு ஒரு பதில் இருக்கிறது. 14 கார் கம்பெனிகளுக்கு எதிராக இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் பிறப்பித்த ஆணை, வெளி ஒர்க்‌ஷாப்புக்குப் போனதற்காகவே ஒட்டுமொத்தமாக வாரண்டியை ரத்து செய்யக் கூடாது என்றது. வெளியில் நடந்த தவறான வேலையால் வந்த சேதம் அளவுக்கு மட்டுமே மறுக்கலாம் என்றது. உதிரிபாகங்களையும் சோதனைக் கருவிகளையும் வெளிச்சந்தைக்குத் தராமல் வைத்திருந்ததையும் தவறென்றது. அந்த ஆணை மேல்முறையீடுகளுக்குப் போனது என்பதையும் சொல்ல வேண்டும். நீட்டிப்பு வாரண்டியில் இருக்கும் பழைய காராக இருந்தால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

மாற்றிய பிறகு கியர்பாக்ஸ் போய்விட்டால், உடனே வண்டியை ஓட்டுவதை நிறுத்துங்கள். இன்னொரு மெக்கானிக் பெட்டியைத் திறப்பதற்கு முன், இப்போதுள்ள ஆயிலின் அளவைப் பார்த்து, சுத்தமான குப்பியில் கொஞ்சம் எடுத்து மூடி, வீடியோ எடுத்து வையுங்கள். ஆயில் மாற்றிய பின் கெட்டது என்பது மட்டும் போதாது. தவறான திரவம், தவறான அளவு, தவறான முறை என்று ஏதாவது ஒன்றைக் காட்ட வேண்டியிருக்கும். திறந்து கழுவிய பெட்டியில் அந்தச் சாட்சி அழிந்துவிடும். ஒர்க்‌ஷாப்புக்கு எழுத்தில் தெரிவித்து, அவர்கள் முன்னிலையில் பொதுவான நிபுணர் ஒருவரை வைத்துத் திறப்பது நல்லது.

பேசி முடியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். ஒர்க்‌ஷாப் வேறு ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தில் மனு போடலாம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் வைப்பதும் கட்டாயம் இல்லை, இணையத்திலும் தாக்கல் செய்யலாம். சொந்தப் பிழைப்புக்காக ஒரே வாடகை கார் ஓட்டுபவரும் நுகர்வோர்தான். கொடுத்த பணம், பழுதுச் செலவு, அலைச்சலுக்கான நஷ்ட ஈடு ஆகிய மூன்றையும் தனித்தனியாகக் கேட்டு எழுத வேண்டும். ஜாப் கார்டு, பில், பணம் கட்டிய விவரம், படங்கள், நிபுணர் அறிக்கை, நீங்கள் அனுப்பிய கடிதத்தின் நகல் எல்லாம் மனுவோடு போக வேண்டும். குறை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். "பார்த்துச் செய்யலாம் சார்" என்று ஒர்க்‌ஷாப் மாதக்கணக்கில் இழுத்தடித்தாலும் அந்தக் கெடு ஓடிக்கொண்டேதான் இருக்கும்.