எழுபது வளைவும் இரண்டு காரும்

நான் கொல்லிமலை வளப்பூர் நாட்டில் வசிக்கும் குடும்பத்தலைவி. அறப்பளீஸ்வரர் கோயிலுக்கும் ஆகாய கங்கைக்கும் வந்து போனவர்களுக்கு எங்கள் பக்கம் தெரிந்திருக்கும். கொஞ்சம் காப்பி, கொஞ்சம் மிளகு, வீட்டுக்குப் பின்னால் நாலு பலா மரம். இதுதான் எங்கள் சொத்து. இதற்குள் ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு சொகுசு கார் ஆசை வந்து புகுந்துகொண்டது. அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன்.

என் மாமியாருக்கு மூட்டு ஆபரேஷன் ஆகி ஒரு வருஷம் ஆகிறது. மாதம் ஒரு தடவை கீழே இறங்கி டாக்டரிடம் காட்ட வேண்டும். எங்களிடம் இருப்பது பழைய ஜீப். அதில் அத்தையை ஏற்றுவதற்குள் எனக்கு இடுப்பு விட்டுப்போகும். காரவள்ளி இறங்குவதற்குள் 70 கொண்டை ஊசி வளைவு. போய் வந்தால் இரண்டு நாள் அத்தை எழுந்திருக்க மாட்டார். "இனிமே டாக்டரும் வேணாம், ஜீப்பும் வேணாம். வலிச்சா வலிச்சுட்டுப் போகட்டும்" என்று ஒருநாள் கண்ணீரோடு சொல்லிவிட்டார்.

அன்று ராத்திரிதான் எங்க வீட்டுக்காரர் மெதுவாக ஆரம்பித்தார். "கார் வாங்கிரலாமா?" நான் சின்னக் கார் என்று நினைத்தேன். அவர் மனசில் இருந்ததோ ஹோண்டா சிட்டி! 1998-ல் அந்தக் கார் இந்தியாவுக்கு வந்த புதிதில், சேந்தமங்கலத்துக்கு மிளகு மூட்டை ஏற்றிப்போன இடத்தில் ஒன்றைப் பார்த்தாராம். அன்றிலிருந்து மனசுக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறார். கல்யாணமாகி இருபத்து நாலு வருஷத்தில் என்னிடம் இதை ஒரு வார்த்தை சொன்னதில்லை. (ஓரி மன்னருக்கு ஒரு குதிரை போதுமாக இருந்தது. இவருக்கு டிக்கி வைத்த கார் கேட்கிறது!)

"வாங்கறதுதான் வாங்கறோம், இன்னொன்னையும் பார்த்துட்டு வாங்கலாங்க. பத்துப் புடவையைப் புரட்டாம நான் ஒரு புடவை எடுத்ததில்லை" என்றேன். அப்படி எதிரில் வந்து நின்றது ஸ்கோடா ஸ்லாவியா.

முதலில் பணக் கணக்கு. 4 மீட்டருக்கு மேல் நீளம் இருந்தாலே வரிக் கணக்கில் அது பெரிய வண்டி. இந்த இரண்டுமே நாலரை மீட்டரைத் தாண்டியவை. 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன பெட்ரோல் காருக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், இவற்றுக்கு 40 சதவீதம். 12 லட்சம் ரூபாய் கார் என்றால் அதற்குள்ளேயே ஏறக்குறைய 3,43,000 ரூபாய் வரி. அதோடு விட்டதா? தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் ஆயுள் வரியை உயர்த்தியதில் 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை 18 சதவீதம். 12 லட்சத்துக்கு இன்னொரு 2,16,000. இன்ஷூரன்ஸ் தனி. விளம்பரத்தில் போடும் விலையைப் பார்த்துப் பணம் எண்ணாதீர்கள் சகோதரிகளே, "ஆன்ரோடு எவ்வளவு?" என்று எழுதி வாங்குங்கள்.

ஷோரூம் அனுபவம் ஒன்று. அது எந்த ஊர், எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். அங்கிருந்த தம்பி எல்லாவற்றையும் எங்க வீட்டுக்காரரிடமே சொன்னார். என் பக்கம் திரும்பி, "மேடம், நீங்க கலர் பாருங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது. "தம்பி, 1750 சுத்துக்குக் கீழே இந்த வண்டி எப்படி இழுக்கும்?" என்று கேட்டேன். அவர் மேனேஜரைக் கூப்பிடப் போய்விட்டார்!

அந்தக் கேள்வி என் சொந்தச் சரக்கு இல்லை. முப்பது வருஷமாக மலையில் ஜீப் ஓட்டுகிற ஒருவர், எனக்குச் சித்தப்பா முறை, சொல்லிக் கொடுத்தது. "குதிரை சக்தியெல்லாம் கீழே இருக்கறவங்களுக்கு. வளைவுல வண்டி ஊர்ந்து திரும்பி மறுபடி ஏறணும். அங்க இழுவை எந்த சுத்துல வருதுன்னு பாரு கண்ணு" என்றார். பார்த்தேன். சிட்டியில் 1498 சி.சி., நாலு சிலிண்டர், 121 குதிரை சக்தி. இழுவை 145, அதுவும் 4300 சுற்றில்தான் முழுசாக வரும். ஸ்லாவியாவின் சின்ன இன்ஜின் 999 சி.சி., மூன்றே சிலிண்டர், 115 குதிரை சக்தி. ஆனால் இழுவை 178, அதுவும் 1750 சுற்றிலேயே! அது டர்போ வேலை. விறகடுப்பில் ஊதாங்குழலால் ஊதுகிறோமே, அதேதான். புகையாக வெளியே போகிற காற்றே ஒரு சக்கரத்தைச் சுற்றி, இன்ஜினுக்குள் கூடுதல் காற்றை ஊதுகிறது. ஊதுகிற வரைக்கும் ஜோர். வளைவில் சுற்று குறைந்துவிட்டால் ஊதல் நின்று, மறுபடி பிடிக்க ஒரு நொடி ஆகும். முதல் கியருக்குப் போய்விட வேண்டும். சிட்டியில் ஊதாங்குழல் கிடையாது, மிதித்த அளவுக்கு ஒரே சீராக ஏறும். ஆனால் ஏற்றத்தில் கொஞ்சம் கத்தவிட்டுத்தான் ஓட்ட வேண்டும்.

அடுத்தது கிரவுண்ட் கிளியரன்ஸ். சிட்டி 165 மில்லிமீட்டர், ஸ்லாவியா 179. பதினாலு மில்லிமீட்டர் என்ன பிரமாதம் என்று அவர் கேட்டார். அடை தட்டும்போது கூடக் குறையப் போனால் தெரியாது. மழைக்காலத்தில் எங்கள் தோட்டத்துப் பாதையில் தெரியும். டிக்கி 506 லிட்டர், 521 லிட்டர். இரண்டிலும் பலாப்பழம் தாராளமாகப் போகும். பாதுகாப்பில் ஸ்லாவியா 2023-ல் குளோபல் என்கேப் சோதனையில் 5 நட்சத்திரம் வாங்கியது. இந்தத் தலைமுறை சிட்டி வாங்கிய 5 நட்சத்திரம் ஆசியான் என்கேப்புடையது. இரண்டும் வேறு வேறு பரீட்சை. இந்த வீட்டுத் தராசில் நிறுத்ததையும் அந்த வீட்டுத் தராசில் நிறுத்ததையும் ஒப்பிட முடியாதில்லையா!

ஓட்டிப் பார்க்காமல் வாங்க மாட்டேன் என்று நின்றேன். சிட்டி ராசிபுரத்தில் நாத்தனார் வீட்டில் இருந்தது. மற்றதை ஷோரூம்காரர்களே, நாங்கள் விடாமல் கேட்டதில், காரவள்ளியிலிருந்து மேலே ஏற்றிக் காட்டினார்கள். இரண்டிலும் ஐந்து பேர், டிக்கியில் ஒரு மூட்டை அரிசி. ஆள் இல்லாமல் பைபாஸில் பறந்து காட்டுவதெல்லாம் மலைக்கு உதவாது. ஏற்றத்தில் ஸ்லாவியா நிமிர்ந்து ஏறியது. அவர் முகத்தில் கொஞ்சம் வாட்டம். சிட்டியில் அத்தை பின் சீட்டில் சாய்ந்து தூங்கியே போய்விட்டார். அவர் முகம் மலர்ந்தது!

இறக்கம்தான் எனக்குப் பயம். லீவு நாட்களில் கீழேயிருந்து வருகிறவர்கள் பிரேக்கை மிதித்தபடியே இறங்கி, பாதி மலையில் சக்கரத்தில் புகை வர நிற்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். பிரேக் சூடேறினால் பிடிக்காது. ஏறின கியரிலேயே இறங்க வேண்டும், இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஆட்டோமேட்டிக்கிலும் கியரைக் குறைத்து இறங்க வழி இருக்கிறது. ஆனால் கையால் மாற்றிப் பழகியவருக்கு மேனுவல்தான் சரி என்று எனக்குப் பட்டது.

இங்கேதான் சண்டை வந்தது. அவருக்கு உச்ச மாடல் வேண்டும். ஆட்டோமேட்டிக், மேலே திறக்கிற கண்ணாடி எல்லாம். அதற்குக் காசு? "மேக்காலே இருக்கற சில்வர் ஓக்கை அனுமதி வாங்கி வெட்டிரலாம்" என்றார். எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. அந்த மரம் ஒவ்வொன்றிலும் மிளகுக் கொடி. பெரியவள் பிறந்த வருஷம் நானும் அத்தையும் நட்டது. மரம் போனால் கொடியும் போகும். புதுக் கொடி காய்க்க மூன்று நாலு வருஷம். சின்னவளின் காலேஜ் பீஸ் அந்த மிளகில்தான் இருக்கிறது. மூன்று நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

நாலாம் நாள் காப்பி கொடுக்கும்போது நானே சொன்னேன். "ஏங்க, கணக்குப்படி பார்த்தா நம்ம ரோட்டுக்கு ஸ்லாவியாதான் பொருந்தும். ஆனா ஓட்டப் போறது நீங்க. சிட்டியே இருக்கட்டும். மாடல் மட்டும் நான் சொல்றது, மேனுவல், அடியில இருக்கறது. மரத்துல கை வைக்கக் கூடாது." அவர் ரொம்ப நேரம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "கலராவது நான் சொல்லலாமா?" என்றார்!

நான் விட்டுக்கொடுத்தது சரியா என்று இப்போதும் சில நேரம் தோன்றும். மலையில் நீங்களே ஓட்டப் போகிற பெண்ணாக இருந்தால், சுமையும் அதிகம் என்றால், நான் மற்றதைத்தான் காட்டுவேன்.

அத்தையின் பிரச்சினை மட்டும் இன்னும் தீரவில்லை. இரண்டு காரிலுமே சீட் தாழ்வு. "உள்ளே விழறது சுலபமா இருக்கு. வெளியே வரத்தான் ரெண்டு ஆள் வேணும்" என்றார். முன் சீட்டை உயர்த்தி வைத்து, முதலில் உட்கார்ந்து, பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்பச் சொன்னோம். இறங்கும்போது அதையே திருப்பிச் செய்ய வேண்டும். ஆடியில் வண்டி எடுக்க வேண்டாம் என்று ஆவணிக்குச் சொல்லியிருக்கிறோம். அதுவரைக்கும் அத்தை தினமும் காலையில் திண்ணையோரம் தாழ்வான முக்காலியில் உட்கார்ந்து எழுந்து பழகுகிறார். நேற்று யார் கையையும் பிடிக்காமல் நாலு தடவை எழுந்தார்.

- ஒரு வாசகி, வளப்பூர் நாடு, கொல்லிமலை.