காசு கொடுத்து வாங்கின வீடு... வேலி போட பர்மிஷன் கேட்கணுமா? இங்கிலாந்து 'லீஸ்ஹோல்டு' ரூல்ஸ்!

நம்ம ஊர்ல 'லீஸ்'னா, மொத்தமா ஒரு தொகை கொடுத்து ரெண்டு, மூணு வருஷம் குடியிருந்துட்டு, காலி பண்றப்போ அதைத் திரும்ப வாங்கிக்கிறது. இங்கிலாந்தின் 'லீஸ்ஹோல்டு' வேற கதை. பேங்க் லோன் போட்டு வீட்டை விலைக்கே வாங்குவாங்க. ஆனா, கைக்கு வர்றது 99, 125, 999 வருஷம்னு காலம் குறிச்ச குத்தகை உரிமைதான். நிலம் 'ஃப்ரீஹோல்டர்' பேர்லயே இருக்கும். குழந்தை ரோட்டுக்கு ஓடாம இருக்க தோட்டத்துக்கு ஒரு வேலி போடலாம்னு நினைக்கிறப்போதான் இந்த வித்தியாசம் உறைக்கும்!

தோட்டம் யாரோடது?

லீஸ் பத்திரத்தோட இருக்கிற வரைபடத்தைப் பாருங்க. உங்க பகுதியைப் பெரும்பாலும் சிவப்புக் கோட்டால் குறிச்சிருப்பாங்க. தோட்டம் அதுக்குள்ள வரலைன்னா, அதைப் பயன்படுத்தும் உரிமை மட்டும் இருக்கலாம். இல்லைன்னா எல்லா வீட்டுக்கும் பொதுவா இருக்கலாம். பொது இடத்தை நீங்களா வேலி போட்டு மறிக்க முடியாது.

கவுன்சில் ரூல் போதுமா?

போதாது. பொதுவா 2 மீட்டர் உயரம் வரைக்கும், வாகனங்கள் போற சாலையை ஒட்டி இருந்தா 1 மீட்டர் வரைக்கும் வேலிக்கு கவுன்சில் அனுமதி தேவையில்லை. பாரம்பரியக் கட்டடம்னா ரூல் மாறும். ஆனா, இது அரசாங்க விதி. லீஸ் என்பது உங்களுக்கும் ஃப்ரீஹோல்டருக்குமான ஒப்பந்தம். ரெண்டுலயும் பாஸ் ஆகணும்.

லீஸ்ல என்ன இருக்கு?

'மாற்றமே கூடாது'ன்னு இருந்தா, ஃப்ரீஹோல்டர் மனசு வெச்சாதான் உண்டு. 'அனுமதியோட செய்யலாம்'னு இருந்தா, வீட்டை மேம்படுத்தும் வேலைக்கு நியாயமான காரணம் இல்லாம அவர் மறுக்க முடியாது. 1927-ம் ஆண்டுச் சட்டம் அப்படிச் சொல்லுது. அனுமதிக்குக் கட்டணம் கேட்டா, அது நியாயமான தொகையா இருக்கணும். அதிகம்னு தோணினா தீர்ப்பாயத்தில் கேள்வி கேட்கலாம்.

கேட்காம போட்டா?

'வேலியைப் பிரிங்க'ன்னு லெட்டர் வரலாம். வீட்டை விற்கும்போது, வாங்குறவரோட சொலிசிட்டர் 'அனுமதிக் கடிதம் எங்கே?'ன்னு கேட்டா விற்பனையே இழுத்தடிக்கும். ஒப்பந்த மீறல்னு போனா, வீட்டை இழக்கிற அளவுக்குக்கூட வழக்கு போகலாம். ஆனா, மீறலை நீங்க ஒத்துக்கணும். இல்லைன்னா தீர்ப்பாயமோ, கோர்ட்டோ உறுதி செய்யணும். அதுக்கு முன்னாடி நோட்டீஸ்கூட அனுப்ப முடியாது.

எப்படிக் கேட்கணும்?

உயரம், நீளம், மரமா கம்பியா, எந்த இடம்... எல்லாத்தையும் ஒரு படத்தோட மெயில் அனுப்புங்க. 'போட்டுக்கோங்க'ன்னு வாய்மொழியா சொன்னதை நம்பாதீங்க. எழுத்துல பதில் வந்த பிறகு மரக்கடைக்குப் போங்க. சந்தேகம்னா, அரசு நிதியில் இயங்கும் 'லீஸ்ஹோல்டு அட்வைஸரி சர்வீஸ்' இலவசமா ஆலோசனை தருது.

இன்னும் வீடு வாங்கலையா? கையெழுத்துக்கு முன்னாடியே உங்க சொலிசிட்டர்கிட்ட, 'தோட்டம் என் லீஸ்ல வருதா, வேலி போடலாமா?'ன்னு கேட்டு வெச்சுக்கோங்க!