கோபால் கப்பலில் வந்த காலம்

கொலை கப்பலில் நடக்கவில்லை. ஆனாலும் தமிழில் கப்பல் மர்மப் படம் என்றதும் எனக்கு நினைவு வருவது, 1964-இல் தாதா மிராசி இயக்கிய 'புதிய பறவை'தான். சிங்கப்பூரிலிருந்து ஊர் திரும்பும் பணக்காரக் கோபாலுக்கு (சிவாஜி), கப்பலில் லதா (சரோஜாதேவி) அறிமுகமாகிறாள். கூடவே அவள் அப்பா. சிரிக்கிறார்கள், பாடுகிறார்கள். வலை அங்கேயே விரித்தாகிவிட்டது என்பது கடைசிக் காட்சி வரை நமக்குத் தெரியாது.

அந்தக் கப்பல், திருச்சிக்குப் பக்கத்திலுள்ள திருவெறும்பூரின் அன்றைய மக்களுக்கு வெறும் சினிமாச் சங்கதி அல்ல. திருச்சியிலிருந்து தஞ்சாவூர், திருவாரூர் வழியாக நாகப்பட்டினம் போகும் ரயில், இந்த ஊரைத் தாண்டித்தான் போக வேண்டும். 'ரஜூலா' கப்பலைப் பிடிக்கப் போனவர்களும் மலாயாவிலிருந்து திரும்பியவர்களும் டிரங்குப் பெட்டியோடு பயணம் செய்த பாதை அது. 1926-இல் கட்டிய ரஜூலா சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று அரை நூற்றாண்டுக்குக் கொஞ்சம் குறைவாக ஓடியது. நாகப்பட்டினத்தில் கரையோரம் ஆழம் போதாததால் கப்பல் கடலுக்குள் தள்ளி நிற்கும். படகில் போய்த்தான் ஏறவேண்டும். ஏறிவிட்டால் சிங்கப்பூருக்கு ஏறக்குறைய ஒரு வாரம். சிவாஜி மாதிரி கோட்டு சூட்டோடு போனவர்கள் கொஞ்சம் பேர். மற்றவர்கள் டெக்கில் பாய் விரித்துப் படுத்தவர்கள். பக்கத்துப் பாய்க்காரரின் ஊர், தொழில், குடும்ப வழக்கு எல்லாம் பினாங்கு வருவதற்குள் தெரிந்துவிடும். அவர் சொன்னது நிஜமா என்று விசாரிக்கத்தான் வழியில்லை.

கப்பல் மர்மக் கதைக்கு முதலே அதுதான். இறங்கி ஓட முடியாது, வெளியில் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது, பழகப் பழக நம்பிக்கை வளரும். அகதா கிறிஸ்டி நைல் நதியில் ஒரு படகை வைத்துக் கதை எழுதியதும் இந்தச் சௌகரியத்துக்காகத்தான் இருக்கவேண்டும். 1978-இல் வெளிவந்த படத்தை எடுத்தவர்கள் எகிப்துக்கே போனார்கள். 2022-இல் வெளிவந்த படத்துக்காக மறுபடி எடுத்தபோது படகை இங்கிலாந்தில் செட் போட்டு, எகிப்தைக் கம்ப்யூட்டரில் வரைந்தார்கள். பளபளப்பு கூடியிருக்கிறது, வெயில்தான் ஒட்டவில்லை.

'புதிய பறவை'யிலும் சோடனைக்குக் குறைவில்லை. அது எனக்கு உறுத்தியதே கிடையாது. நிச்சயதார்த்தத்தன்று, செத்துப்போன மனைவி என்று சொல்லிக்கொண்டு சௌகார் ஜானகி வந்து நிற்க, பக்கத்தில் மாமாவாக எம்.ஆர்.ராதா நின்று குரலை இழுக்கும்போது செட்டை யார் பார்த்தார்கள்? (சிவாஜி சிறுவயதில் வளர்ந்தது திருச்சி சங்கிலியாண்டபுரம். ராதா கண்ணை மூடியதும் திருச்சியில்தான். திருச்சிக்காரர்கள் இந்தப் படத்தைக் கொஞ்சம் சொந்தம் கொண்டாடினால் தப்பில்லை.)

ரஜூலா 1974-இல் உடைபட்டது. பின்னால் வந்த 'எம்.வி.சிதம்பரம்' 1985-இல் தீப்பிடித்ததோடு அந்தக் கடல்வழியும் ஓய்ந்தது. இப்போது திருவெறும்பூரிலிருந்து விமான நிலையத்துக்கு ஆட்டோவிலேயே போய்விடலாம். ஏறினால் நாலு மணி நேரத்தில் சிங்கப்பூர். பக்கத்து சீட்டுக்காரர் காதில் ஹெட்போன் மாட்டியிருப்பார். பேர்கூடத் தெரியாமல் இறங்கிவிடுகிறோம். லதா இன்று கோபாலை மயக்க நினைத்தால் பெல்ட்டைப் போடச் சொல்லும் விளக்கு அணைவதற்குள் வேலையைத் தொடங்க வேண்டும்.  இல்லாவிட்டால் இடைவேளைக்கு முன்பே படம் முடிந்துவிடும்.

லதா போலீஸ்காரி என்ற முடிவு தெரிந்துவிட்டதே என்று 'புதிய பறவை'யைத் தள்ளிவைக்க வேண்டாம். முதல் தடவை எல்லாரும் சிவாஜியைத்தான் பார்ப்பார்கள். இரண்டாம் தடவை கப்பல் காட்சிகளில் சரோஜாதேவியை மட்டும் பாருங்கள். அந்தக் கொஞ்சல் காதலியுடையதா, போலீஸ்காரியுடையதா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.