பெட்டிக்குள் இருப்பது குப்பையா?



நோன்புக்கு முன் வீடுகளுக்கு வெள்ளையடிக்கும் நாட்களில், கற்பிட்டிப் பாதையோரக் கிராமம் ஒன்றிலிருந்து ஓர் உம்மா என்னைத் தேடி வந்தார். கையில் துருப்பிடித்த ஒரு பிஸ்கட் டின். உள்ளே எழுத்துப் பொறித்த சிறு உலோகத் தகடு, அட்டை கிழிந்த ஆங்கிலக் கையேடு, இரண்டு ஸ்பானர்கள், ஒரு ஜீப்பின் முன் நான்கு பேர் நிற்கும் மங்கிய படம்.

“மௌலவி, இது எங்கட வாப்பா சேத்து வெச்ச சாமான். இப்ப மகனும் பழைய ஜீப் சாமான் எண்டு கண்டதையும் வாங்கி வாறான். இது வீண்விரயம்தானே? இரும்புக்காரனுக்குப் போட்டுடவா?” என்று கேட்டார்.

நம் வீடுகள் பலவற்றில் இக்கேள்வி உண்டு. தீர்ப்புச் சொல்லுமுன் பொருள் இன்னதென்று அறிய வேண்டாமா?

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க இராணுவத்துக்காகப் பிறந்த வண்டி ஜீப். 1940இல் பான்டம் என்னும் சிறு நிறுவனம் முதல் மாதிரியைச் செய்தது. பின்னர் வில்லிஸ், போர்ட் ஆகிய இரு நிறுவனங்களும் ஆறு இலட்சத்துக்கும் மேல் செய்து குவித்தன. நேச நாட்டுப் படைகளோடு அது இலங்கைக்கும் வந்தது.

நம் புத்தளத்துக்கும் அப்போரில் பங்குண்டு. இங்கே பிரித்தானியக் கடற்படையின் விமானத் தளம் ஒன்று இயங்கியது. அதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘ராஜாளிய’. நம் இராஜாளிப் பறவைதான். சேற்றில் புதைந்த போர் விமானங்களை அங்கே யானை கட்டி இழுத்தார்கள். அந்தப் படங்கள் இலண்டன் போர் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கின்றன. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

போர் முடிந்ததும் மிஞ்சிய ஜீப்புகள் உலகெங்கும் பொதுமக்கள் கைக்கு வந்தன. வண்டிகள் தேய்ந்துபோயின. அவற்றின் தகடுகளையும் கையேடுகளையும் விளம்பரத் தாள்களையும் தேடிச் சேர்ப்போர் இன்று பல நாடுகளில் இருக்கிறார்கள். ஜீப்பின் முன்புறச் சிறு பெட்டியின் கதவில் மூன்று தகடுகள் இருந்தன. ஒன்று, வண்டியின் இலக்கத்தையும் இராணுவத்திடம் ஒப்படைத்த நாளையும் சொல்லும். மற்றொன்று, 65 மைல் வேகத்துக்கு மேல் ஓட்டாதே என்று எச்சரிக்கும். மூன்றாவது, கியர் மாற்றும் விதம் காட்டும். போர்ட் நிறுவனம் தன் ஆணிகளில்கூடத் தன் பெயரின் முதல் எழுத்தைப் பொறித்தது. ஆகவே, ஓர் ஆணியைப் பார்த்தே அது எங்கே பிறந்ததென்று சொல்வோர் உண்டு.

காகிதத்துக்கும் இதே மதிப்புத்தான். இந்தியாவில் ஜீப் செய்து புகழ்பெற்ற மஹிந்திரா நிறுவனம் 1945இல் தொடங்கியபோது அதன் பெயர் ‘மஹிந்திரா அன்ட் முஹம்மத்’. பங்காளியான குலாம் முஹம்மத், நாடு பிரிந்தபின் பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சரானார். 1948இல் நிறுவனத்தின் பெயர் மாறியது. பழைய பெயர் அச்சிட்ட ஒரு கடிதத் தாள் கிடைத்தால், அது வெறும் தாளா? இரு சமூகத்தார் சேர்ந்து தொழில் செய்த காலத்துக்குச் சாட்சியல்லவா?

மத்ரஸாவில் ஹதீஸ் படிக்கும்போது நாங்கள் முதலில் கேட்பது ஸனத். யார் சொன்னார், அவருக்கு யார் சொன்னார் என்ற சங்கிலி. அது அறுந்தால் செய்தி பலவீனமாகிவிடும். பழம்பொருளும் அப்படித்தான். யாருடையது, எங்கிருந்து வந்தது என்று சொல்ல ஆளில்லையென்றால் தகடு வெறும் தகரம்.

நான் அந்த உம்மாவிடம், “படத்தில் இருக்கிறவங்க யார்?” என்று கேட்டேன். தயங்காமல் நான்கு பேரையும் சொன்னார். ஓரத்தில் நிற்பவர் அவருடைய வாப்பா. பாலாவி முகாமில் கூலிவேலைக்குப் போனவர். அங்கேதான் வண்டி ஓட்டப் பழகினாராம். பிறகு அதுவே அவருக்குத் தொழிலானது. “மகனுக்கு இது தெரியுமா?” என்றேன். “அவன் கேக்கல்ல, நான் சொல்லல்ல” என்றார்.

சகோதரிகளே, வீட்டின் அறிவிப்பாளர்கள் நீங்கள்தான். நபி (ஸல்) அவர்களின் வீட்டு வாழ்வை உம்மத்துக்கு எடுத்துச் சொன்னவர்களில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் இடம் எதுவென்று நீங்கள் அறிவீர்கள். குர்ஆனின் மிக நீண்ட வசனமே கடனை எழுதிவைக்கச் சொல்லும் வசனம். எழுதிப் பாதுகாப்பது நம் மார்க்கத்துக்குப் புதிதல்ல.

எழுத்தை இழந்தவர்களின் வேதனையை நம் மாவட்டம் நன்கறியும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து புலிகளால் விரட்டப்பட்ட முஸ்லிம்களில் பெரும்பாலானோர் தஞ்சமடைந்தது இங்கேதான். காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் கல்யாணப் படமும் இல்லாமல் வந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், ஒரு தாளின் விலை என்னவென்று. 2019 ஏப்ரல் குண்டுத் தாக்குதலுக்குப் பின் வீடுகள் சோதனையிடப்பட்ட நாட்களில், அரபு எழுத்திருந்த நூல்களைக்கூடப் பயத்தில் எரித்தவர்கள் நம்மில் உண்டு. எரித்தது திரும்பி வராது.

ஆனாலும் சேர்ப்பதற்கு எல்லைகள் உண்டு. பிள்ளையின் பாடசாலைச் செலவைக் குறைத்து, கடன்பட்டு, பெருமைக்காக வாங்கினால் அது வீண்விரயம்தான். இன்று புதிதாகவும் இத்தகைய தகடுகள் செய்யப்படுகின்றன. அதைப் பழையதென்று விற்பது மோசடி. நனைந்த தானியத்தை அடியில் மறைத்த வியாபாரியை நபியவர்கள் கண்டித்ததை நினைவில் வையுங்கள். சொந்த விருப்பத்துக்கு வைத்திருக்கும் பொருளுக்கு ஸகாத் இல்லை. விற்பதற்கென்றே வாங்கி வைத்தால் அது வியாபாரச் சரக்கு. நிஸாபை அடைந்து ஆண்டு நிறைந்தால் சந்தை மதிப்பில் இரண்டரை வீதம் கொடுக்க வேண்டும். படையினரின் சீருடைத் துணி, தோட்டாக் கூடு போன்றவற்றை நம் நாட்டுச் சூழலில் வீட்டுக்குள் எடுக்கவே வேண்டாம். மண்ணில் வெடிபொருள் போலத் தெரிந்தால் தொடாமல் பொலிஸாருக்கு அறிவியுங்கள்.

வீட்டில் பழைய பெட்டி இருந்தால் இவ்வளவும் செய்யுங்கள். படத்தின் பின்புறம் பென்சிலால் பெயரும் ஊரும் எழுதுங்கள்; பேனா மை ஊறிவிடும். நம் கடற்கரையின் உப்புக்காற்று இரும்பையும் தாளையும் தின்னும்; நன்றாக மூடும் டின்னில், ஈரம் படாமல் வையுங்கள். தாளை நாடாவால் ஒட்டாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளையை அருகில் இருத்திக் கதையைச் சொல்லி, அவனையே எழுதச் சொல்லுங்கள்.

அந்த உம்மா டின்னைத் திரும்பக் கொண்டுபோனார். பெருநாளைக்குப் பின் மகன் வந்தான், ஒரு கொப்பியோடு. நான்கு பேரின் பெயர்களும் இருந்தன. “மௌலவி, இதில ஒருத்தர்ட பேத்தி நம்மட தெருவிலதான் இருக்காவாம். படத்தக் காட்டப் போறேன்” என்றான்.

உறவைச் சேர்ப்பதும் இபாதத்தான். அல்லாஹ் நம் அமானிதங்களைப் பேணும் நற்பாக்கியத்தை நமக்குத் தருவானாக. ஆமீன்.