வெளிநாட்டுப் பிரஜாவுரிமை பெற்றவர்கள் இலங்கையராகத் திரும்புவது எப்படி?

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், அக்கரைப்பற்று என எமது கரையோர ஊர்களில் வெளிநாட்டில் உறவினர் இல்லாத குடும்பங்கள் குறைவு. ஆனால் வெளிநாட்டில் இருப்பது வேறு, வெளிநாட்டுப் பிரஜையாவது வேறு. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதால் காணி, வாரிசுரிமை, பிள்ளைகளின் எதிர்காலம் ஆகியவற்றில் பல சிக்கல்கள் எழுகின்றன.

கட்டார், சவூதி, குவைத் போன்ற நாடுகளில் இருபது வருடங்கள் உழைத்தாலும் அங்கு கிடைப்பது வதிவிட அனுமதி மட்டுமே. அவர்களது இலங்கைப் பிரஜாவுரிமைக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. பிரித்தானியா, அவுஸ்திரேலியா, கனடா போன்ற நாடுகளில் சுயவிருப்பில் பிரஜாவுரிமை பெற்றவர்களின் நிலை வேறு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தின்படி, அவர்கள் அந்த நாட்டின் பிரஜையாகும்போதே இலங்கைப் பிரஜாவுரிமையை இழக்கிறார்கள். யாரும் கடிதம் அனுப்பி அறிவிப்பதில்லை. பழைய அடையாள அட்டையும் காலாவதியாகாத கடவுச்சீட்டும் கையில் இருப்பதால் பலர் தம்மை இன்னும் இலங்கையர் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். அவ்வாறு அவற்றைத் தொடர்ந்து பயன்படுத்துவது சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடும்.

இரண்டு வழிகள்

1987இல் கொண்டுவரப்பட்ட திருத்தம் இரட்டைப் பிரஜாவுரிமைக்கு வழி திறந்தது. சட்டத்தின் 19ஆம் பிரிவு இரு வகையினருக்கு இடமளிக்கிறது. ஏற்கனவே பிரஜாவுரிமையை இழந்தவர் அதை மீளப் பெற விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டுப் பிரஜாவுரிமை பெறவிருப்பவர், இலங்கைப் பிரஜாவுரிமையைத் தக்கவைத்துக்கொள்ள முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். இந்த இரண்டாவது வழியை அறிந்தவர்கள் எம்மில் மிகச் சிலரே.

55 வயதைக் கடந்தவர்கள், கல்வி அல்லது தொழில்சார் தகைமை உள்ளவர்கள், இலங்கையில் 25 இலட்சம் ரூபாவுக்குக் குறையாத அசையாச் சொத்து உள்ளவர்கள், வங்கியில் நிலையான வைப்பு அல்லது வெளிநாட்டு நாணய வைப்பு உள்ளவர்கள் எனப் பல பிரிவுகளின் கீழ் விண்ணப்பிக்க முடியும். இவற்றில் ஒன்று இருந்தால் போதும். ஆகவே பணக்காரருக்கு மட்டுமே உரிய விடயம் என்று ஒதுங்கிவிட வேண்டியதில்லை. கட்டணமும் நிபந்தனைகளும் காலத்துக்குக் காலம் மாறுவதால், பத்தரமுல்லையிலுள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்திலோ, வசிக்கும் நாட்டின் இலங்கைத் தூதரகத்திலோ நேரடியாக உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். தரகர்களின் பேச்சை நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம்.

மற்றைய நாடும் இதனை ஏற்க வேண்டும் என்பதை மறக்கக்கூடாது. பிரித்தானியா, கனடா, அவுஸ்திரேலியா ஆகியன இரட்டைப் பிரஜாவுரிமையை அனுமதிக்கின்றன. ஜேர்மனி 2024இலிருந்து அனுமதிக்கிறது. இந்தியாவும் சிங்கப்பூரும் அனுமதிப்பதில்லை.

காணியும் சீதன வீடும்

எமது பிரதேசத்தில் இவ்விடயம் அதிகம் உறைப்பது காணியில்தான். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணிச் சட்டம், வெளிநாட்டவருக்குக் காணி உரிமை மாற்றப்படுவதைத் தடுக்கிறது. வாரிசுரிமையாகவோ, மரணசாசனம் மூலமோ, நன்கொடையாகவோ நெருங்கிய உறவினருக்குச் செல்வதற்கு விலக்கு உண்டு. எனவே வெளிநாட்டுப் பிரஜையான மகளுக்கு வாப்பாவும் உம்மாவும் வீடு வளவை நன்கொடை உறுதி எழுதிக் கொடுக்கலாம். மார்க்கப்படி சேர வேண்டிய வாரிசுப் பங்கும் கடவுச்சீட்டு மாறியதால் இல்லாமல் போகாது.

ஆனால் விலை கொடுத்து வாங்குவது வேறு. பக்கத்து வளவையோ வயற்காணியையோ வாங்க முற்பட்டால் சட்டம் குறுக்கே நிற்கும். இரட்டைப் பிரஜாவுரிமை பெற்றவருக்கு இந்தத் தடை இல்லை.

இதனை அறியாமல், அல்லது அறிந்தும், பலர் தம்பியின் பெயரிலோ மச்சானின் பெயரிலோ காணி வாங்குகிறார்கள். பணம் ஒருவருடையது, உறுதி இன்னொருவர் பெயரில். பெயருக்குரியவர் வஃபாத்தானால் அவரது மனைவி மக்களே வாரிசுகள். அமானிதம் என்று வாயால் சொன்னது நீதிமன்றத்தில் எடுபடுவது கடினம். கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு அல்குர்ஆன் சூரா அல்பகராவில் கட்டளையிட்டிருப்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பிள்ளைகளும் ஆவணங்களும்

வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளை இலங்கைப் பிரஜையாக, பிறக்கும்போது தாய் அல்லது தந்தை இலங்கைப் பிரஜையாக இருக்க வேண்டும். தாய் வழியாகவும் உரித்தாகும் நிலை 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வந்தது. பிறப்பை ஒரு வருடத்துக்குள் பதிவு செய்ய வேண்டும். டோஹாவிலும் ரியாத்திலும் பிள்ளை பெறுவோருக்கும் இது பொருந்தும். பிந்தினால் தாமதப் பதிவுக்கு அலைய நேரிடும்.

விண்ணப்பங்கள் தாமதமாக எம்மவர்களிடையே ஒரு வழமையான காரணம் பெயர். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, கடவுச்சீட்டில் வேறு எழுத்து, விவாகப் பதிவில் இன்னொன்று. விண்ணப்பிக்க முன்னரே இவற்றைச் சரிசெய்ய வேண்டும். 2004 சுனாமியில் ஆவணங்களை இழந்தவர்கள் பிறப்பு, விவாகச் சான்றிதழ்களின் பிரதிகளைப் பிரதேச செயலகத்தினூடாகப் பெறலாம்.

சலுகையா, உரிமையா?

பிலிப்பைன்ஸ் 2003இல் இயற்றிய சட்டப்படி, பிறப்பால் அந்நாட்டவரான ஒருவர் விசுவாசப் பிரமாணம் செய்து பிரஜாவுரிமையை மீளப் பெறுகிறார். எமது நாட்டில் அது அமைச்சரின் தற்றுணிபு. நாட்டுக்கு நன்மை பயக்கும் என அமைச்சர் திருப்தியடைய வேண்டும் என்கிறது சட்டம். 2011இல் இந்நடைமுறை இடைநிறுத்தப்பட்டு 2015இலேயே மீண்டும் ஆரம்பிக்கப்பட்டது. திறந்திருக்கும் கதவு எப்போதும் திறந்திருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

இரட்டைப் பிரஜைகள் பாராளுமன்ற உறுப்பினராக இருக்க முடியாது என 2022இல் நிறைவேறிய 21ஆவது திருத்தம் கூறுகிறது. அதை விவாதிக்கலாம். ஆனால் இந்த மண்ணில் பிறந்தவர் திரும்பி வந்து வாழும் உரிமை அமைச்சரின் விருப்பத்தில் தங்கியிருக்கக்கூடாது. தெளிவான நிபந்தனையும் கால எல்லையும் சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும். எமது பாராளுமன்ற உறுப்பினர்கள் இதனைச் சபையில் எழுப்ப வேண்டும்.

அதுவரை, வெளிநாட்டுப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளிடம் ஒரு விடயத்தைச் சொல்லி வையுங்கள்: அங்கு சத்தியம் செய்ய முன்னர், இங்குள்ளதைத் தக்கவைக்க விண்ணப்பியுங்கள்.